வளியும் வலியும்: இராயபுரத்திலிருந்து எண்ணூர் மேடை வரை

சென்ற ஐப்பசியில் தண்டையார்பேட்டைக் கூட்டமொன்றில் ஒன்பது படிகள் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தேன். "பெரியோர்களே" என்றேன். அடுத்த சொல் வரவில்லை, மூச்சே வரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக மேடையில் நின்று முழங்கியவள் மூன்று நிமிடம் நாற்காலியில் அமர்ந்த பிறகே பேச்சைத் தொடர்ந்தேன். அப்போது என் எடை நூற்று இருபத்தாறு கிலோ. கூடவே சர்க்கரை நோய். இரண்டு முழங்கால்களும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தன.

எடை குறைய மருத்துவர் சொன்ன வழி, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைக்காய் அளவுக்கு மட்டும் விட்டுவைக்கும் அறுவை. தையில் செய்துகொண்டேன். அறுவை முடிந்த முப்பதாம் நாள் எண்ணூரில் பேசுவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். மீன் விற்கும் பெண்களுக்கு நிழற்கூரையும் கழிப்பறையும் கேட்கும் கூட்டம். அந்த மேடையில் நிற்பேனா, நின்றாலும் குரல் எழுமா என்ற அச்சத்தை எவரிடமும் சொல்லவில்லை. இந்த அறுவைக்கு ஆயத்தமாகும் வடசென்னைத் தோழியர்க்குப் பயன்படும் என்றே அந்தப் பயணத்தை இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனை இராயபுரத்தில், என் வீடு திருவொற்றியூரில். அறுவைக்கு முன் ஐந்து முறை தொடர்வண்டியில் சென்று வந்தேன். கட்டணம் ஐந்து ரூபாய். கடற்கரை நிலையம் செல்லும் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். சென்ட்ரல் செல்லும் வண்டி இராயபுரத்தைத் தொடாது; கொருக்குப்பேட்டையில் இறங்கி மாற வேண்டும். முதல் நாளே நான் தவறான வண்டியில் ஏறினேன். நடைமேடையில் நாற்பது நிமிடம் நின்றதில் முழங்கால் இரண்டும் வீங்கின.

கல்லீரல் சுருங்குவதற்காக அறுவைக்கு முன் இரண்டு வாரம் நீர்ம உணவு மட்டும். ஏழு கிலோ குறைந்தது, உறக்கமும் குறைந்தது. மூன்று பந்துகள் அடைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றும் தந்தார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எழ வேண்டும். தெருவையே நிறைக்கும் குரல் எனக்கு, இதுவா கடினம் என்று எண்ணினேன். முதல் பந்து எழுந்தது. இரண்டாவது நடுங்கியது. மூன்றாவது அசையவேயில்லை. மூச்சை வெளியே வீசத்தான் இத்தனை ஆண்டு கற்றிருக்கிறேன். உள்ளே இழுக்கக் கற்கவில்லை.

இந்த இடத்தில்தான் பிழையொன்றைச் செய்தேன். உணவு வல்லுநர் தந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. என் தமிழ் சும்மா இருக்குமா? ஒரே இருப்பில் அதை நல்ல தமிழில் பெயர்த்து, படியெடுத்து, உற்றார் அனைவர்க்கும் அனுப்பினேன். எண்ணூர்க் கூட்டத்தை ஏற்பாடு செய்த சரக்குந்து ஓட்டுநர் டில்லிபாபுவுக்கும் ஒரு படி போயிற்று. அதன் ஏழாம் வரி: "வளியூட்டிய பருகங்களை அறவே விலக்குக." வளி என்றால் காற்று. எழுதி முடித்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காலை எட்டு மணிக்கு அறுவை. அன்று மாலையே நடக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தின் நீளம் என் அடியில் நாற்பத்திரண்டு. கோடியில் ஒரு சாளரம். அதில் துறைமுகப் பாரந்தூக்கிகள். மணிக்கொரு முறை நடக்கச் சொன்னார்கள், நான் அரைமணிக்கொரு முறை நடந்தேன். "தரைய தேச்சே எட்த்துடுவ போலக்கீதே அக்கா, கொஞ்சம் குந்து" என்றார் செவிலி. உட்கார முடியவில்லை. வயிற்றின் வலியை விட, பேசாமல் இருப்பதே வலித்தது.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு வீடு திரும்பினேன். என்னைப் பல்லாண்டுகளாகக் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லும் காஜா பாய் தம் தானியை, அதாவது ஆட்டோவை, கொண்டுவந்திருந்தார். ஏழு கிலோமீட்டர் தொலைவுக்கு ஐம்பது நிமிடம், கட்டணம் இருநூற்றைம்பது.

"தலகாணிய வவுத்தாண்ட வச்சி அமுக்கிப் புட்ச்சிக்கோக்கா. பள்ளம் வந்தா சொல்றேன்" என்றார்.

"சாலை முழுதும் பள்ளம்தானே, பாய்?"

"அப்போ பள்ளம் இல்லாங்காட்டி சொல்றேன்."

சிரித்தேன். தையல் சுண்டியது. கொள்கலன் வண்டிகள் இருபுறமும் நெருக்க, தலையணையை அணைத்தபடி வந்து சேர்ந்தேன். அவர் அன்று இரண்டு முறைதான் "இப்போ பள்ளம் இல்லக்கா" என்றார்.

முப்பதாம் நாள் வந்தது. மேலும் பதினொரு கிலோ குறைந்திருந்தது. இருபது நிமிடம் பேசலாம், ஆனால் முப்பது மில்லிக் குவளையில் துளித்துளியாகப் பருகிக்கொண்டே பேச வேண்டும், மடக்கென்று எதையும் விழுங்கக் கூடாது என்பது மருத்துவர் விதித்த கட்டளை. மூன்று இருபதுக்குத் திருவொற்றியூரில் தொடர்வண்டி ஏறினேன். ஏழு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. எண்ணூரில் இறங்கும்போது மூன்று நாற்பது. அமர இடம் இருந்தும் வாயிற்பக்கமே நின்றேன். பேச்சின் முதல் வரியை உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்குப் பேசத் தொடங்கினேன். குரல் எழுந்தது. மெலிந்த உடலில் குரலும் மெலியும் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், மெலியவில்லை. பத்தாம் நிமிடத்தில் கூட்டம் கைதட்டியது. நான் சூடேறினேன். நா வறண்டது. என்னுடைய குவளை பின்னால் மேசைமேல் இருந்தது, ஆனால் இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது.

மேடை ஏறிய எவர்க்கும் இதன் பொருள் தெரியும். நீட்டிய கையில் சோடா வரும். வந்தது. டில்லிபாபுவே ஓடிவந்து உடைத்துக் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துப் புட்டியைத் திருப்பித் தந்தால்தான் பேச்சாளர்க்கும் கொடுத்தவர்க்கும் பெருமை. வாயருகே கொண்டுபோய்விட்டேன். நுரையின் காரம் மூக்கைக் குத்தியது. தைத்து முப்பது நாளே ஆன இரைப்பை நினைவுக்கு வர, புட்டியை இறக்கினேன்.

"தோழரே, தாளில் எழுதியிருந்தேனே" என்றேன். ஒலிவாங்கி அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

டில்லிபாபு திகைத்தார். "நாலு பேரு குந்தி உன் நோட்டீச படிச்சோங்க்கா. வலி ஊட்டுற பானம் வேணாம்னு போட்டிருந்துச்சி. புண்ணுல வலி குடுக்கறது சூடுதான? அதான் டீ, காபி எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஐஸ்ல வச்சி எட்த்தாந்தேன்."

கூட்டம் சிரித்தது. என் முகம் எரிந்தது. அவர் மீது பிழையில்லை. எவர்க்காக எழுதினேனோ அவர்க்குப் புரியாத சொல்லை எழுதியவள் நான். அதை அப்படியே ஒலிவாங்கியில் சொன்னேன். "வளி என்றால் காற்று. சோடா என்று எழுதியிருக்க வேண்டும். என் இறுமாப்பு எழுதவிடவில்லை."

பிறகு குவளையை எடுத்தேன். ஒரு மிடறு, காத்திருத்தல், இன்னொரு மிடறு. தண்டையார்பேட்டையைத் தவிர, பேச்சின் நடுவே அரை நிமிடம் நான் அமைதியாக நின்றதே இல்லை. நின்றால் கூட்டம் கலைந்துவிடும் என்று நம்பி வாழ்ந்தவள். கால்கள் பரபரத்தன. முன்வரிசையில் மீன்கூடைமேல் அமர்ந்திருந்த பெண்ணொருவர் குரல் கொடுத்தார்: "நிதானமா குடிக்கா. இன்னா, ரயிலயா புடிக்கப் போறோம்? குந்திக்கினுதான கீறோம்."

ஒருவரும் எழவில்லை. இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டிய பேச்சை இருபத்தாறில் முடித்தேன். அதில் ஆறு நிமிடம் அவர்கள் எனக்காகக் காத்திருந்தவை.

அறுவைக்குச் செல்லவிருப்போர்க்குச் சில சொற்கள். நான் எழுதியது என் உடலுக்கு என் மருத்துவர் சொன்னது. உங்களுடையதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுக் கருவியை அறுவைக்கு ஒரு திங்கள் முன்பே வாங்கிப் பழகுங்கள். வீடு திரும்புகையில் தலையணை கட்டாயம். உயிர்ச்சத்து மாத்திரை வாழ்நாள் முழுவதற்கும் என்பதை இப்போதே மனத்தில் இருத்துங்கள். எடை குறைந்தாலும் பரபரப்பு குறையாது. இதைக்கூட நான் எழுந்து நடந்தபடியேதான் எழுதுகிறேன். மூன்றாம் பந்து நேற்று எழுந்தது, நிற்கவில்லை.

தாளைத் திருத்தி மீண்டும் அனைவர்க்கும் அனுப்பிவிட்டேன். ஏழாம் வரி இப்போது இப்படி இருக்கிறது: "சோடா கொடுக்காதீர்கள். கை நீட்டினாலும்."