மக்பூலின் ஜீப்பு ஏன் சாய்ந்தது

பழவேற்காட்டில் கயிறும் வலைநூலும் விற்கும் ஜலாலுதீனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மஸூதா, அடுத்தவன் மக்பூல். மக்பூலைக் கடையில் உட்காரவைத்தால் வருகிறவர்களைக் கவனிக்கமாட்டான். தராசு முள் எதனால் நடுவில் வந்து நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அதைக் கழற்றியே விட்டான். மறுநாள் வரை கடையில் நிறுவை நடக்கவில்லை, வாப்பா கத்தித் தீர்த்தார். ஆனால் அவன் திரும்பப் பூட்டிய பிறகு அந்தத் தராசு முன்னைவிடச் சரியாக நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எட்டாம் வகுப்போடு படிப்பு போதும் என்று பொன்னேரியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தான். எண்பத்தொன்றாம் வருஷம், ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப்பு ஒன்று அவன் கைக்கு வந்தது. சுண்ணாம்புக்குளத்தில் கரையேறும் இறாலை, எளாவூர் செக்போஸ்ட் பக்கம் காத்திருக்கும் ஐஸ் வண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. இடையில் இருப்பதைப் பாதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் மணல், கொஞ்சம் உவர்ச்சேறு, அப்புறம் கால்வாயை ஒட்டி ஒரு பக்கம் சரிந்தே போகும் மண்கரை. லாரி அங்கே வராது.

ஜீப்பின் பின் அச்சுக்கு மேல் வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்காக இருக்கும். கமான் பட்டை என்பார்கள். வண்டியின் பாரமெல்லாம் அதன்மேல்தான். இறால் கூடைகளையும் ஐஸையும் ஏற்றியதும் பட்டை நிமிர்ந்து, வண்டியின் பின்புறம் அச்சின்மேல் உட்கார்ந்துவிடும். அடியில் இருக்கும் சைலன்சர் சேற்றை உழுதுகொண்டே வரும். மக்பூல் ஒரு பட்டையைக் கூடுதலாக வைத்துப் பூட்டினான். பாரத்தோடு போகும்போது வண்டி நிமிர்ந்து போனது. திரும்பி வரும்போதுதான் வம்பு. எளாவூரில் மீன் விற்றுவிட்டு வெறும் ஜீப்பில் ஏறிவரும் பெண்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் கூரைக்கம்பியில் தலையை இடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடா இது, ஜீப்பா உரலா? எங்களப் போட்டு இடிக்கிறியே!" என்று கோவிந்தம்மா இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "வூட்டுக்குப் போய் மாவா கரைஞ்சிடுவேன்."

இளக்கமான பட்டை போட்டால் பாரத்தில் படுத்துவிடுகிறது. விறைப்பான பட்டை போட்டால் வெறும் வண்டி குதிக்கிறது. பாரம் உள்ளபோது ஒரு மாதிரி, இல்லாதபோது வேறு மாதிரி நடந்துகொள்ளும் வண்டி உண்டா? இந்தக் கேள்வி மக்பூலைப் பிடித்துக்கொண்டது. சோறு தின்னும்போதும் கட்டைவிரலால் தட்டின் விளிம்பை அமுக்கி அமுக்கிப் பார்ப்பான். மஸூதா தட்டை இழுத்து வைப்பாள்.

அவனுக்கு விடை சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்றில், ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய ஷாக் அப்சர்பர் ஜோடி தொங்கியது. வண்டி குதிப்பதை அடக்கும் குழாய்தான். எல்லா வண்டியிலும் உண்டு. ஆனால் இவற்றின் மேல் தடித்த ரப்பர் உறை இருந்தது. இரண்டு உறைகளிலிருந்தும் மெல்லிய ரப்பர் குழாய்கள் வந்து ஒன்றாகச் சேர்ந்து, சைக்கிள் டியூப்பில் காற்றடிக்கும் வால்வு போன்ற ஒரே வாலில் முடிந்தன.

"இதுல காத்து இன்னாத்துக்கு?" என்று மக்பூல் கேட்டான்.

"வெள்ளக்காரன் டிக்கில பொட்டி ஏத்துவான். பின்னால எறங்கும். காத்தடிச்சா தூக்கிக்கும், பொட்டிய எறக்குனா காத்த வுட்டுடுவான்" என்றார் கடைக்காரர். "நீ கேள்வி கேக்க வந்தியா, வாங்க வந்தியா?"

இரண்டுக்கும்தான் வந்திருந்தான்.

ஊருக்கு வந்ததும் கூடுதல் பட்டையைக் கழற்றி எறிந்தான். புதிய குழாய்கள் பழையவற்றைவிட நீளம் என்பதால், அவற்றைப் பிடிக்கும் இரும்புக் காதுகளைப் பொன்னேரியில் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்து பூட்டினான். மஸூதா கடையிலிருந்து வலைநூல் எடுத்துவந்து, தரையிலிருந்து ஜீப்பின் பின்விளிம்பு வரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். மக்பூல் சைக்கிள் பம்பால் அடித்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ரப்பர் உறை மெல்ல உப்பியது. ஜீப்பு பின்னங்காலில் எழும் மாடு போல மேலே வந்தது. மஸூதா மறுபடி நூலைப் பிடித்தாள். முடிச்சுக்கும் விளிம்புக்கும் நடுவில் அவள் கை அகலம் இடைவெளி இருந்தது. வால் ஊசியை அமுக்கினான். ஜீப்பு பெருமூச்சு விட்டபடி பழைய முடிச்சுக்கே இறங்கியது.

"இன்னொருவாட்டி ஏத்துடா" என்றாள் மஸூதா. இருவரும் அதை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாப்பா கடையிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் மக்பூலுக்கு இது விளையாட்டில்லை. இறால் ஏஜெண்டு முகம்மது இஸ்மாயில் ஏற்கனவே எச்சரித்திருந்தார். மழை தொடங்கிய பின் ஜீப்பு இரண்டு தடவை சேற்றில் நின்று, ஐஸ் உருகி, சரக்கு கெட்டுப்போயிருந்தது.

"இன்னொருவாட்டி நின்னுச்சுன்னு வச்சுக்கோ, எளாவூர்ல டிராக்டர் சொல்லிடுவேன்" என்றார். "அப்பறம் நீ கயித்துக்கடைக்கே போய் மொழம் போடு."

அந்தக் கடையில் மறுபடி உட்காருவதை மக்பூலால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. ஜீப்பு நின்றால் அவன் பிழைப்பும் நின்றது.

புதிய குழாய்களோடு முதல் நாள் சுண்ணாம்புக்குளம் போனான். அங்கே ஒரே துறையில் இரண்டு கூட்டத்தார் கரையேறுவார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று முறை வைத்திருந்தார்கள். இன்று நல்ல இடம் இவர்களுக்கு என்றால் நாளை அவர்களுக்கு. அதனால் ஒரு கூட்டத்தாரின் கூடை மற்றவர்களின் கூடையோடு கலக்கக்கூடாது. ஜீப்பில்கூட வடக்குத்தெருக் கூடைகள் இடது பக்கம், தெற்குத்தெருக் கூடைகள் வலது பக்கம். அன்று நல்ல இடம் வடக்குத்தெருவுக்கு. இடது பக்கம் கூடைகள் கழுத்து வரை அடுக்கியிருந்தன. வலது பக்கத்தில் ஆள் உட்கார இடமிருந்தது. அங்கே எல்லப்பன் ஏறிக்கொண்டான். வடக்குத்தெருக்காரன், நல்ல பருமன், சரக்கோடு எளாவூர் வரை போகிறவன்.

மக்பூல் காற்றடித்தான். பின்புறம் எழுந்தது. மணலைத் தாண்டினான், சேற்றைத் தாண்டினான், சைலன்சர் எங்கும் உரசவில்லை. கால்வாய்க்கரைக்கு வந்ததும் ஜீப்பு இடது பக்கம் சாய்ந்தது. முன்பும் சாயும், ஆனால் இந்த மாதிரி இல்லை. சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. எல்லப்பன் ஓடத்தில் செய்வது போல வலது விளிம்பைத் தாண்டி உடம்பை வெளியே தொங்கவிட்டான்.

"நிறுத்து நைனா! தண்ணிக்குள்ள போவுதுபா வண்டி!"

மக்பூல் நிறுத்தினான். பாதிக் கூடைகளை இறக்கித் தலைச்சுமையாகக் கரையைத் தாண்ட வைக்கவேண்டியதாயிற்று. எளாவூர் போனபோது ஐஸ் வண்டிக்காரர் கடுகடுவென்று நின்றார். இஸ்மாயில் குரலை உயர்த்தவில்லை.

"டிராக்டர்காரன் வெள்ளிக்கிழம பேச வரான்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் மக்பூல் எல்லப்பனை அழைத்துவந்து, வெறும் ஜீப்பின் இடது விளிம்பில் உட்காரச் சொன்னான்.

"எதுக்கு?"

"பாரம் நீதான். குந்து."

உட்கார்ந்தான். இடது பக்கம் இறங்கியது. மஸூதா இரண்டு பக்கமும் நூலைப் பிடித்து முடிச்சைப் பார்த்தாள்.

"மக்பூலு, இந்தப் பக்கம் எறங்கினது சரி. அந்தப் பக்கம் ஏன் ஏறியிருக்கு?"

வலது பக்கத்தில் யாரும் இல்லை; இருந்தும் முடிச்சுக்கு மேலே போயிருந்தது. மக்பூல் அடியில் படுத்து, ஒரு கையை இடது உறையிலும் மறு கையை வலது உறையிலும் வைத்தான்.

"எறங்கு."

எல்லப்பன் இறங்கினான்.

"குந்து. எறங்கு. இன்னொருவாட்டி குந்து."

"இன்னாபா, என்ன வச்சி தோப்புக்கரணம் போடறியா?"

எல்லப்பன் உட்காரும்போதெல்லாம் வலது உறையின் ரப்பர் கையின் அடியில் விம்முவதை மக்பூல் உணர்ந்தான். குறடு ஒன்றை எடுத்து, இரண்டு உறைகளுக்கும் நடுவில் குழாயை நெரித்துப் பிடித்தான். "இப்ப குந்து" என்றான். இடது பக்கம் கொஞ்சம்தான் இறங்கியது. வலது பக்கம் அசையவில்லை.

வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ், சிரிப்பு.

"நான் இன்னா நெனச்சேன்? ரெண்டு பானைய கொழாயால சேத்தா தண்ணி சமமா நிக்குமே, அதுமாதிரி காத்தும் வண்டிய சமமா நிறுத்திக்கும்னு நெனச்சேன். அது அப்படி இல்லக்கா. பாரம் இருக்கற பக்கத்துல நசுங்கற காத்து, பாரம் இல்லாத பக்கத்துக்கு ஓடிப்போய் அத தூக்குது. சாயற வண்டிய இதுவே புடிச்சித் தள்ளுது."

எல்லப்பன் கொஞ்சம் யோசித்தான். "ஓடத்து அடியில தண்ணி கெடந்தா அப்படித்தான். ஓடம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். ஒங்கிட்ட காத்து எதிர்ப்பக்கம் ஓடுது, ஆனா வேல ஒண்ணுதான்." பிறகு சொன்னான்: "இத வாங்கற அன்னிக்கே என்ன கேட்டிருக்கலாம்."

"வாங்கற அன்னிக்கு நீ உக்கார தயாரா இருந்தியா?"

வெள்ளைக்காரன் பெட்டியை டிக்கியின் நடுவில் வைப்பான். அவனுக்கு ஒரே வால் போதும். இங்கே பாரம் ஒருபோதும் நடுவில் இருக்கப்போவதில்லை. கூடைகளைச் சமமாகப் பிரித்து வைத்தால் என்ன என்று மக்பூல் துறையில் கேட்டுப் பார்த்தான். வடக்குத்தெருவும் தெற்குத்தெருவும் ஒரே குரலில் மறுத்த ஒரே விஷயம் அதுதான்.

அவன் குழாயின் இணைப்பை வெட்டினான். ஒரு பக்கத்துக்குப் பழைய வாலே இருந்தது. மறுபக்கத்துக்குச் சைக்கிள் வால் ஒன்றைச் செருகி, செப்புக்கம்பியால் இறுக்கிக் கட்டி, சோப்புத்தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வந்தது, அவிழ்த்து மறுபடி கட்டினான். இப்போது இரண்டு உறைக்கும் தனித்தனிக் காற்று.

வெள்ளிக்கிழமை தெற்குத்தெருவின் முறை. வலது பக்கம் கூடைகள் மலையாகக் குவிந்தன, இடது பக்கம் கொஞ்சம். இஸ்மாயிலே துறைக்கு வந்திருந்தார். டிராக்டர்காரரும் கூட வந்து, ஜீப்பைப் பார்த்து, "பாய், இது கரையில நிக்கறப்பவே சாஞ்சு நிக்குது" என்று சிரித்தார்.

மக்பூல் வலது வாலில் பம்பை மாட்டினான். அடித்தான். மஸூதா செய்தது போல இரண்டு பக்கமும் தரையிலிருந்து பின்விளிம்பு வரை நூலைப் பிடித்துப் பார்த்தான், இன்னும் அடித்தான். பிறகு இடது வாலில் கொஞ்சம். ஜீப்பு நிமிர்ந்தது. வலது பக்கம் மலை, இடது பக்கம் வெளி. ஆனால் பின்விளிம்பு நீர்மட்டம் வைத்தது போல நின்றது. டிராக்டர்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார்.

இஸ்மாயில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கால்வாய்க்கரையில் வண்டி கரையின் சரிவுக்குத் தக்கபடி சாய்ந்தது, அதற்குமேல் சாயவில்லை. இஸ்மாயில் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் எல்லப்பன் வெற்றிலை போட்டான்.

எளாவூரில் ஐஸ் வண்டிக்காரர் மேல்கூடையைக் கிளறிப் பார்த்தார். ஐஸ் கட்டியாக இருந்தது.

இஸ்மாயில் இறங்கிச் சட்டையை உதறிக்கொண்டார். "டிராக்டர்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். நாளைக்கும் நீயே வந்துடு" என்றார்.

மக்பூலின் கால்கள் மட்டும் ஜீப்புக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. கரையில் எந்த உறை அதிகம் சூடேறியது என்று அவன் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். இஸ்மாயில் குனிந்து, அதையே மறுபடி ஒருமுறை சொல்லவேண்டியிருந்தது.