சேர்ந்துச்சா?

“அனுப்பியாச்சுங்கிற கதையெல்லாம் எனக்கு வேணாம். சேர்ந்துச்சா?” போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்கிறார். ஒரு கை கீபோர்டில். மறு கையில் ஆறிப்போன டீ. இந்தச் சின்ன மருத்துவமனையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அவருக்குப் பெயரே ‘சேர்ந்துச்சா அக்கா’தான். கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்று கணவர் சொன்னாலும் இதே கேள்வி. “என்னை ஒரு நாளாவது நம்பியிருக்கியா?” என்று அவர் அலுத்துக்கொண்டால், “கம்ப்யூட்டரையே நான் நம்புறதில்லை, உங்களை எங்க நம்புறது?” என்பார்.

இங்கே எடுக்கும் ஸ்கேன் படங்கள் வேறு ஊர்ப் பெரிய மருத்துவமனையின் சர்வரில் உள்ள ஒரு ஃபோல்டருக்குத் தானாகப் போய் விழ வேண்டும். அங்கே இருக்கும் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் இங்கே கத்தியை எடுப்பார்கள். ‘தானாக’ என்ற சொல்லைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “தானா நடக்குற வேலைக்கு என்னை எதுக்குய்யா உட்கார வச்சிருக்கீங்க?”

இன்று காலையிலிருந்து ஒன்றும் போகவில்லை. ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டரின் தலை ஸ்கேன் போய்ச் சேராமல் தொங்குகிறது. பெயிண்ட் தெறித்த அவருடைய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார். பாஸ்வேர்டு சரி, நெட் சரி. “எல்லாம் சரின்னா எங்க போய்த் தொலையுறே?” என்று அக்கா திரையைத் திட்டுகிறார். பெரிய மருத்துவமனையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பையனோ, போனில், எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை என்று சாதிக்கிறான்.

“தம்பி, அப்படி ஒரு இடமே இல்லைன்னு வருதுப்பா!”

“இடமா? நிறைய காலியா இருக்கே மேடம். நேத்துகூட வேண்டாததை எல்லாம் அழிச்சுச் சுத்தம் பண்ணேன்.”

அக்காவின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. “எதை அழிச்சே?”

“ஒரு ஃபோல்டர், எப்பப் பார்த்தாலும் காலியாவே கிடந்துச்சு. யாருக்கும் வேணாம்போலன்னு...”

“அடப்பாவி! படம் வந்து விழுந்ததும் டாக்டரோட கம்ப்யூட்டர் எடுத்துக்கும். அதனாலதான்யா காலி! காலியா இருந்தா ஆளே இல்லைன்னு அர்த்தமா? அதே பேர்ல திரும்பப் போடு. இப்பவே!”

பையன் போட்டான். அக்காவின் திரையில் படம் போவதைக் காட்டும் கோடு நகர்ந்து முடிந்தது.

“சேர்ந்துச்சா?”

“சேர்ந்துடுச்சு மேடம். சாரி மேடம்.”

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து டாக்டரே கூப்பிட்டுவிட்டார்: தலைக்குள்ளே ரத்தம் கசிகிறது, உடனே திறக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் உருண்டது. பெயிண்டரின் மனைவி தொப்பியைப் பிடித்தபடி ஆபரேஷன் அறை வாசல்வரை கூடவே ஓடினார்.

அக்கா அப்போதுதான் வெளியே வந்தார். கூட்டத்தில் காலியாக இருந்த ஒரே நாற்காலி, பெயிண்டரின் மனைவி எழுந்து ஓடிய நாற்காலி; அதைப் பார்த்து ஒருவர் விறுவிறுவென்று வந்தார். அக்கா முந்திக்கொண்டு தன் கைப்பையை அதில் வைத்தார்.

“ஆள் இருக்கு,” என்றார்.