படுக்கப் போட்ட ஏரியல்

பள்ளி வேனை நிறுத்தியதும் அவர் நேரே வீட்டுக்குள் போவதில்லை. கைப்பையிலிருந்து சின்ன ரேடியோவை எடுத்து, எந்த நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு தெருவோரமாக நடப்பார். இரைச்சல் கூடுகிற வாசலில் நின்று கதவைத் தட்டுவார்.

"உங்க பல்புக்குச் சளி பிடிச்சிருக்கு. கொஞ்சம் அணைச்சுப் பாருங்களேன்."

வேனக்கா என்றால்தான் தெருவுக்குத் தெரியும். இதுவரை ஏழு பல்புகளும் ஒரு மீன்தொட்டி மோட்டாரும் பிடிபட்டிருக்கின்றன. அடுத்த குற்றவாளி தன் வீட்டு சார்ஜரே என்று தெரிந்த அன்று, கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வேனக்காவின் தம்பிக்குத் தீவில், கலங்கரை விளக்கத்தில் வேலை. போன் எட்டாத இடம். ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவும் தம்பியும் வயர்லெஸில் பேசிக்கொள்வார்கள். பிரசவத்துக்கு இங்கே வந்த தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரமாகிறது. அவன் ஒவ்வொரு ஞாயிறும் குழந்தைக்கு வைக்க வேண்டிய பெயரைச் சொல்கிறான். தெருவில் புதிதாக வந்த கடைகளின் விளக்குகள் வயர்லெஸில் கிளப்பும் இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது.

"தக்காளின்னுதான் கேட்டுது. அப்படியே வெச்சிடலாமா?" என்றார் கணவர்.

"அவர் வாயால கேக்காம எந்தப் பேரும் வேண்டாம் அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

சனிக்கிழமை வேனக்கா மொட்டைமாடிக்கு ஏறி, கம்பத்தில் நிமிர்ந்து நின்ற ஏரியலைக் கழற்றிக் கிடையாகக் கட்டினார்.

"நல்லா நின்னதை ஏம்மா சாய்க்கிற?" என்றார் கணவர்.

"தெரு இரைச்சல் முக்கால்வாசி நின்னுக்கிட்டுதான் வருது. நாம படுத்துட்டா தாண்டிப் போயிடும்."

ஞாயிறு பத்து மணிக்கு இரைச்சல் அடங்கித்தான் இருந்தது. ஆனால் தம்பியின் குரலும் கிணற்றின் அடிக்குப் போயிருந்தது. வேனக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவனுடைய ஏரியல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. நிற்பது பேசினால் படுத்திருப்பதற்குச் சரியாக ஏறாது. தீவில் இரைச்சல் கிடையாது, தன் குரல் எப்படியும் அவனை எட்டும் என்ற தைரியத்தில் பட்டனை அழுத்திக் கத்தினார்.

"டேய், உன்னுதையும் படுக்கப் போடு!"

"படுக்கறதுக்கு உன் தம்பிக்குச் சொல்லியா தரணும்?" என்றார் கணவர்.

கால் மணி நேரம் ஆனது. தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி அறைவாசலிலேயே நின்றாள்.

பிறகு ஹெட்போனில், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல ஒரு குரல்: "அக்கா, இப்போ கேக்குதா? பேரைச் சொல்லட்டுமா?"

வேனக்கா ஹெட்போனைக் கழற்றி, தம்பி மனைவியின் முடியை ஒதுக்கி, அவள் காதில் மாட்டிவிட்டார்.