டோக்கன் எண் வரும் வரை

தில்லை நகர் அலுவலகத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வேலை போனது பெரிதாக உறைக்கவில்லை. அந்த அம்மாளின் முகம்தான் கூடவே வந்தது.

மருத்துவமனைகளுக்கு டோக்கன் கொடுக்கும் செயலியை அங்கே தயாரித்தார்கள். அதைச் சோதிக்க அந்த அம்மாள் ஒரு நிரல் எழுதியிருந்தார். அது தானே பொத்தானை அழுத்தி, டோக்கன் எண் வந்ததா என்று பார்க்கும். ஒரு நாள் சரி என்றது, மறுநாள் தப்பு என்றது. யாரும் அதை நம்பாததால், கையால் அழுத்திப் பார்க்க எட்டாவதோடு நின்ற என்னை வைத்திருந்தார்கள்.

அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவர். மூக்குக் கண்ணாடியின் காம்பைப் பிளாஸ்திரியால் ஒட்டியிருப்பார். எதைக் கேட்டாலும் பதில் வரும்வரை நம் முகத்தையே பார்ப்பார்.

அன்று மதியம் கூப்பிட்டார்.

"கோளாறு தெரிஞ்சுடுச்சுங்க. சர்வர்லேருந்து எண் வர்றதுக்குள்ள பாத்துட்டு, இது தப்புன்னு கத்துது."

"அஞ்சு செகண்ட் நிறுத்தி வைங்கன்னு முதலாளி சொன்னாரே மேடம்?"

"ஆறாவது செகண்ட்ல வந்தா? எண் தெரியிற வரைக்கும் திரும்பத் திரும்பப் பாக்கற மாதிரி மாத்திட்டேன். ரொம்ப நேரம் வரலைன்னாதான் தப்புன்னு சொல்லும்." குரலைத் தாழ்த்தினார். "இதைப் போட்டா உங்களுக்கு இங்க வேலை இருக்காது. போட்டுடவா?"

அவர் விரல் கீபோர்டு மேல் நின்றது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை.

"போடுங்க மேடம். எனக்குக் கை கால் நல்லாத்தான் இருக்கு."

அழுத்தினார்.

வேண்டாம் என்றிருந்தால் நிறுத்தியிருப்பாரா? இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் காலை மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் தவிட்டு மூட்டை தைக்கச் சேர்ந்தேன்.