வெதுவெதுப்பான டிரம்

என் அண்ணியைச் சாயப்பட்டறையில் எல்லோரும் மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக ரசாயன ஸ்டோரின் சாவி அவள் இடுப்பில். எந்த மூட்டை பிரிந்திருக்கிறது, எந்தக் கேன் கசிகிறது என்று கதவைத் திறக்கும்போதே மோந்து சொல்லிவிடுவாள். அப்படி வந்த பெயர். அவள் லீவு போட்டால் சாவி எனக்கு வரும். நான் கலர் நிறுத்துக் கொடுக்கிறவள்.

ஸ்டோரில் அவள் கொஞ்சமும் நம்பாத பொருள் ஹைட்ரோஸ். வெள்ளைத் தூள், பார்த்தால் பரம சாது. சாயம் போட்ட துணியில் சரியாக ஏறாமல் நிற்கும் கலரைக் கழற்றுவது அதுதான். சாயம் கெட்டுப்போன துணியை மறுபடி வெளுத்துத் தருவதும் அதுதான். தொட்டி நிறையத் தண்ணீரில் கொட்டினால் சொன்ன வேலையைச் செய்யும். டிரம்முக்குள் இருக்கும்போது கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், தானாகவே சூடேறிப் புகைந்து பற்றிக்கொள்ளும். அதனால் கரண்டி உலர்ந்திருக்க வேண்டும், கை உலர்ந்திருக்க வேண்டும், அள்ளியவுடன் மூட வேண்டும், கீழே சிந்தியதைத் திரும்ப உள்ளே போடவே கூடாது. ஈரக் கையோடு வந்த ஒருவனை அண்ணி திட்டிய திட்டில், அவன் கல்யாணத்துக்கே எங்களைக் கூப்பிடவில்லை.

போன வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஓடிவந்து அணைத்தேன்.

"வெளிய மூச்சு விடாத. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா சாவியும் போயிடும்" என்றாள்.

நான் விடவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொரு டிரம்மையும் வெளிப்பக்கம் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. மேலே ஒரு தரம், அடியில் ஒரு தரம். கேட்டவர்களிடம் தூசி பார்க்கிறேன் என்பாள்.

இந்த நிலைமையில் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். எதுவும் வீணாவது அவருக்கு ஆகாது. ஒரு சாயங்காலம் அண்ணி கேட்டில் லாரி இறக்கப் போயிருந்த நேரம், தரையில் சிந்திக் கிடந்த ஹைட்ரோஸை, மகராசன், தன் கையாலேயே பெருக்கி டிரம்மில் போட்டு மூடினார். தரை அப்போதுதான் கழுவியது. இதெல்லாம் பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஒரு டிரம்மின் அடியில் கை வைத்த அண்ணி, கையை எடுக்கவில்லை. என் கையையும் இழுத்து வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உடனே இதை முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். மேனேஜர் வந்து மோந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை, வெயில் பட்டிருக்கும் என்றார். அந்த ஸ்டோருக்கு ஜன்னலே கிடையாது.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "வாடை வருது சார். தீக்குச்சி அணைஞ்ச வாடை" என்றாள்.

மூக்கம்மாவே சொன்ன பிறகு எவன் மறுப்பான்? சுமை தூக்குகிற இரண்டு பேரும் ஆழமாக மோந்துவிட்டு, ஆமாம், நெடி தாங்கவில்லை என்றார்கள். ஒருவனுக்குத் தலைவலியே வந்துவிட்டது. எனக்கு நல்ல மூக்கு. சத்தியமாக ஒன்றும் வரவில்லை.

தள்ளுவண்டியில் ஏற்றி முற்றத்து நடுவில் இறக்கி, மூடியைத் தளர்த்திவிட்டு விலகினோம். கால் மணி நேரத்தில் புகை கிளம்பியது. இப்போது நெடி நிஜமாகவே வந்தது. தலைவலிக்காரன் மணல் வாளியைத் தூக்கினான். நான் அறிவுகெட்டுப்போய் ஒரு குவளைத் தண்ணீரை. அண்ணி இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அது எரியக் காற்று வேண்டாம், மணல் போட்டு மூடினாலும் உள்ளே எரியும். குவளைத் தண்ணீர் இன்னும் கிளப்பிவிடும். காற்று முதுகில் அடிக்கிற பக்கம் தள்ளி நின்று, பெரிய ஹோஸை முழுசாகத் திறந்து, டிரம் வழிந்து, கொதிப்பு அடங்கி, தகரம் குளிரும்வரை நிறுத்தாமல் அடித்தாள். துளித் தண்ணீரில் பற்றுகிறது, தாராளமாகப் பாய்ச்சினால் அணைகிறது. இப்படி ஒரு பொருளை எவன் கண்டுபிடித்தானோ.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டோரில் இன்னும் இருபத்திரண்டு டிரம்கள் இருந்தன. பெருக்கிப் போட்டதை அவராகவே ஒத்துக்கொண்டார். அந்த மட்டும் நல்ல மனுஷன். அண்ணியைப் பாராட்டிவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார், சுவரில் ஒட்டுவதற்கு.

வாடையை வைத்து என்று எழுதினால் முடிந்தது விஷயம். வேலையும் பெயரும் ரிட்டயர் ஆகும்வரை பத்திரம். அண்ணி பேனாவை வாங்கினாள். இப்படி எழுதினாள்: "டிரம்மின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. வாடை வரவில்லை. வந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை."

மேனேஜர் இரண்டு தரம் படித்தார். ஸ்டோர் பார்க்கிறவருக்கு வாசனை தெரிய வேண்டும் என்று கம்பெனி விதி ஒன்று இருக்கிறதே என்று இழுத்தார். அண்ணி சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். அன்றைக்கே அவளைத் துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. காலையில் சொன்ன பொய்யை மத்தியானமும் ஒரு தரம் சொல்ல என்ன கேடு என்று நடுத்தெருவில் சண்டை பிடித்தேன்.

"வாடைன்னு எழுதியிருந்தா, எனக்கப்புறம் வர்றவ வாடை வரட்டும்னு காத்துக்கிட்டு நிப்பா. அதுக்குள்ள பத்திக்கும்" என்றாள்.

"எவளோ நின்னுட்டுப் போறா. உங்களுக்கென்ன அண்ணி?"

"எவளோ இல்லடி. சாவி இப்ப உன் பையிலதானே இருக்கு."