பில்லை என் பேரில் போடுங்க

சாளை மீன் பொரித்ததற்குத் தீயணைப்பு வண்டி வந்த கதை தெரியுமா உங்களுக்கு?

நடந்தது ஆஸ்திரேலியாவில். என் மச்சினன் ஜெபா அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். கடையில் சாளை கிடைத்த சந்தோஷத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் பொரித்திருக்கிறான். புகை போய் அலாரத்தை எழுப்பிவிட்டது. வண்டி வந்தது. வீரர்கள் வந்தார்கள், மீனைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பின்னாலேயே பில் வந்தது!

"நான் கூப்பிடவே இல்லையே" என்று இவன் மெயில் எழுத, "ஆனால் நாங்கள் வந்தோமே" என்று அவர்கள் எழுத... தகராறு இன்னும் முடியவில்லை. வாரம் தவறாமல் வீடியோ காலில் புதிய நிலவரம் வரும். ஈத்தாமொழிப் பக்கம் எங்கள் தெருவில் அந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. டாலரை ரூபாயாக்கிப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தால் பில் வரும் என்று தெரு முடிவே கட்டிவிட்டது.

என் மனைவி ரோஸ்லினுக்கோ பில் என்றாலே ஆகாது. மருந்துக்கடைச் சீட்டைக்கூட கடை வாசலிலேயே நின்று கூட்டிப் பார்ப்பாள். மீன் சந்தையில் அவள் பேரம் பேச ஆரம்பித்தால், நான் நாலு கடை தள்ளிப் போய் யாரோ மாதிரி நின்றுகொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், "தீ... தீ!" என்று சத்தம். அடுத்த வீட்டுத் தங்கையனின் தும்பு ஆலை. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிற சின்ன ஷெட்தான். ஆனால் துபாயில் அவன் உழைத்த பணமெல்லாம் அதில்தான் கிடக்கிறது. போதாததற்கு பேங்க் லோன். காயப்போட்ட தும்புக் குவியலில் தீப்பிடித்திருந்தது. கடல் காற்று வேறு. ஷெட்டை ஒட்டியே அவனுடைய ஓட்டு வீடு.

தெருவே ஓடியது. வாளி வாளியாக ஊற்றினோம். தும்பில் பிடித்த தீ லேசில் போகுமா? மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கிடந்து கனன்றுகொண்டே இருக்கும்.

"ஃபயர் சர்வீசுக்கு அடிங்கலே" என்றார் ஒருவர்.

"வேண்டாம் மக்கா!" என்று அலறினான் தங்கையன். "பில்லு வந்தா நான் எங்க போவேன்? இருக்குத கடனே கழுத்து வரைக்கும் நிக்கு!"

ஆரம்பித்தது பட்டிமன்றம். பில் யாருக்கு வரும் — தீப்பிடித்த வீட்டுக்கா, போன் போட்டவருக்கா?

"போன் போட்டவனுக்குத்தான். நம்பர் பதிஞ்சிருமில்லா?"

"போலே... ஜெபாவா கூப்பிட்டான்? அவனுக்குத்தான பில்லு வந்துச்சு?"

கையில் வாளி, வாயில் வழக்கு. நானும் என் பங்குக்கு ஒரு பாயிண்ட் எடுத்துவிட்டேன். எல்லோர் பையிலும் செல்போன் இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. அதற்குள் தீ ஷெட்டின் கூரைக்கு ஏறிவிட்டது.

அப்போதுதான் சைரன் கேட்டது.

வந்தார்கள் பாருங்கள்! வண்டி நிற்பதற்குள் குதித்து, குழாயை இழுத்து, முதலில் வீட்டுப் பக்கம் தண்ணீரை அடித்து ஓட்டுக் கூரையை நனைத்தார்கள். அப்புறம் குவியலைக் கிளறிக் கிளறி அணைத்தார்கள். ஷெட்டில் பாதி போனது. வீடும் மெஷினும் பிழைத்தன.

எல்லாம் முடிந்து அதிகாரி கேட்டார். "போன் பண்ணுனது யாரு?"

தங்கையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"நான்தான் சார்."

ரோஸ்லின்! நைட்டி மேல் துண்டு, இடுப்பில் காலிக்குடம்.

"பில்லை எம்பேருல போடுங்க. ஒண்ணே ஒண்ணு சார்... மொத்தமா தர முடியாது. மாசா மாசம் தாறேன்."

"மைனி..." என்றான் தங்கையன். கையெடுத்துக் கும்பிட்டான்.

"எந்த பில்லும்மா?" என்று கேட்ட அதிகாரி, விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டார். "தீயணைக்க வர்றதுக்கு நாங்க காசு வாங்குறதில்லம்மா. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா கூப்பிடுங்க, போதும்."

அவள் விடுவாளா? "நல்லா பாத்து சொல்லுங்க சார். பொறவு மாத்திப் பேசப்பிடாது!"

பில் இல்லை என்று தெரிந்ததுதான் தாமதம், "நானும் அடிக்கத்தான் போனேன், சார்ஜ் இல்ல" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கூப்பிட்டவன் ஏழையா பணக்காரனா என்று கேட்காமல் ஓடி வருகிறதே நம் ஊர் சிவப்பு வண்டி — அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பெருமை எனக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த வீட்டுத் தீக்குத் தன் பேரில் பில் வரும் என்று நம்பி, தவணை வரைக்கும் யோசித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டாளே... நாங்கள் அத்தனை ஆண்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம்?

சாயங்காலம் தம்பி ஜெபாவுக்கு வீடியோ கால் போட்டாள். "லேய், நீ அங்க கெடந்து சண்ட போடு. இஞ்ச சண்ட போடதுக்கு ஒரு பில்லுகூட தரமாட்டேன்னுட்டாங்க!"

மறுநாள் மீன் சந்தை. பத்து ரூபாய்க்காகச் சாளைக்காரியிடம் அவள் மல்லுக்கு நின்றாள். இந்தத் தடவை நான் நாலு கடை தள்ளிப் போகவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன் — இது எம் பொண்டாட்டியாக்கும்!