இசைத்தட்டு உறையில் ஒரு முகம்

பல்கலைக்கழகத்தில் கரீபியன் இலக்கியமும் அந்தத் தீவுகளின் வெகுஜன இசையும் நடத்துகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'தீவு சார்'. அவர் எந்தத் தீவிலும் கால் வைத்ததில்லை. ஆனாலும் பெயர் பொருந்தியது. மதியச் சாப்பாட்டை அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார். துறையில் அவருடைய பாடத்தைப் பற்றிப் பேச இன்னொரு ஆள் கிடையாது. வீட்டில் எதைப் பற்றிப் பேசவும் ஆள் கிடையாது.

நிறமும் அடையாளமும் பற்றிய வகுப்பில், ஆண்டு தவறாமல், ஒரு பழைய இசைத்தட்டின் உறையைத் திரையில் காட்டுவார். பாடகர் நல்ல கறுப்பு. உறையிலோ கோதுமை நிறம்.

"கம்பெனிக்காரன் கலரை வெளுத்துட்டான். அந்த மனுஷனை ஒரு வார்த்தை கேட்டிருப்பானா?" என்று பொரிந்து தள்ளுவார்.

அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணப் பேச்சை அக்கா விடவில்லை. வரன் தேடும் தளத்தில் ஏற்றுவதற்காகத் தம்பியின் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து மெருகேற்றி வாங்கி வந்தாள்.

"கலரைக் கொஞ்சம் லைட்டா பண்ணச் சொன்னேன்டா. எல்லாரும் பண்றதுதான்."

அவர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குக்கா."

கணக்கு டீச்சர் ஒருத்தி சந்திக்கச் சம்மதித்தாள். 'எனக்கும் பாட்டுன்னா உயிர்' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை வாரம் முழுக்க மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

காபிக் கடைக்கு முன்னதாகவே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் வந்தாள். அவள் பார்வை மேசை மேசையாகப் போய், அவர்மேல் ஒரு கணம் நின்று, தாண்டிப் போனது. அடுத்த மேசையில் உட்கார்ந்து கைபேசியிலிருந்த படத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். எழுந்து இரண்டடி வைத்தால் போதும். எழுந்து என்ன சொல்வது? தன் கைபேசியை ஊமையாக்கினார். அவள் அழைக்க அழைக்க அது கைக்குள் துடித்துத் துடித்து அடங்கியது. காபியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

மாலையில் அக்கா கூப்பிட்டாள். "டேய், நீ வரவே இல்லையாமே!"

"நான் போனேன்க்கா. போட்டோல இருக்கறவன்தான் வரல."

"உளறாதடா!"

அடுத்த வகுப்பில் வழக்கம்போல அந்த உறை திரைக்கு வந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், நிஜமாவே அவர்கிட்ட யாரும் கேக்கலையா?"

வழக்கமான பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"கேட்டிருப்பாங்கம்மா," என்றார். "நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியிருப்பாரு."

பாட்டைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.